பாட்டெழுதிப் படமும் வரைபவர்களுக்கு: வேடிக்கைக் குழந்தைப் பாடல் புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது? (பெங்களூரு)

கோடும்கோலமும் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதுவது, அந்தப் பாட்டுக்குப் படமும் வரைவது, இரண்டையும் ஒரே ஆள் தொழிலாகச் செய்வது பற்றித்தான் இந்த இழை. கையில் 16 பாட்டுகள் தயார். ஒவ்வொன்றும் 4 முதல் 8 வரி. படம் கறுப்பு மைக் கோடு, அதன் மேல் வாட்டர்கலர். 8.5 அங்குலச் சதுரம், 32 பக்கம் என்று யோசனை.

பதிப்பகத்துக்கு அனுப்புவதா, சொந்தமாக அச்சிடுவதா? பாட்டுக்கும் படத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம் வேண்டுமா? பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆனால் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதை எப்படிச் சமாளிப்பது? மாதிரிக்கு ஒரு பாட்டு போடுகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனைக் குட்டி
ரொம்ப ரொம்ப சேட்டைக் குட்டி
பாலைக் குடித்து விட்டு ஓடும்
கெட்ட பழக்கம் விட வேண்டும்

---

ஓரெழுத்து

பாட்டிலிருந்தே தொடங்குவோம். புத்தகம், ஒப்பந்தம் எல்லாம் பிறகு.

கை தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். முதல் இரண்டு வரியும் சரியாக விழுகின்றன. எங்கள், வீட்டுப், பூனைக், குட்டி. நான்கும் நேர்நேர், நான்கு தட்டு. மூன்றாம் வரியில் ‘குடித்து’ நிரையில் (இரண்டு குறில் சேர்ந்து வரும் அசையில்) தொடங்குகிறது, கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடும். அது பரவாயில்லை, பிள்ளைகள் இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள். நான்காம் வரிதான் உடைகிறது. ‘விட’ என்பது ஒரே நிரையசை, அடுத்த தட்டுக்கு அங்கே எழுத்தே இல்லை. கை தட்டும் வகுப்பில் 30 பிள்ளைகளும் இதே இடத்தில் தடுக்கி விழுவார்கள். பாட்டு எழுதியவர் வாசிக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அவர் தன்னையறியாமல் ‘விடஅ’ என்று நீட்டிவிடுவார். அதனால் அந்தப் பாட்டை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டு மட்டும் உட்காருங்கள். எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தயங்கினால் குறை அந்த வரியில்தான்.

இரண்டாவது, ‘குட்டி’க்குக் ‘குட்டி’யே இயைபு (வரிக் கடைசியில் ஒலி ஒத்துவருவது). பல்லவி போலத் திரும்பத் திரும்ப வந்தால் அது அழகு. ஒரே ஒரு முறை வந்தால் வேறு சொல் கிடைக்காமல் வைத்தது போலத் தெரியும். ‘ரொம்ப ரொம்ப’ இடத்தை அடைக்க வந்த சொல்.

மூன்றாவது, கடைசி வரி அறிவுரை. பூனையைப் பார்த்துச் சிரிக்க வந்த பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறது. தமிழில் குழந்தைப் பாட்டு என்றாலே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேடிக்கைப் பாட்டில் அதற்கு இடம் தர வேண்டாம்.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

எங்கள் வீட்டுப் பூனைக் குட்டி
எட்டிப் பார்க்கும் பானை சட்டி
பாலா? ஐயோ, நானா? இல்லை!
மீசை மட்டும் வெள்ளை வெள்ளை!

---

அல்சூர்வாசகி

இல்லை, வெள்ளை. ல, ள இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகும் வயசுங்க இது. இயைபில் கொண்டுபோய் இரண்டையும் ஒன்றாக்கினால் டீச்சர்மார் முதல் வேலையாக அதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

---

தூரிகை

எனக்கு அந்த நான்காம் வரியில் வேறு குறை. மீசை வெள்ளை என்று பாட்டே சொல்லிவிட்டால் படத்துக்கு என்ன வேலை? பூனையை வரைந்து மீசையில் வெள்ளை வைப்போம். பாட்டு சொன்னதைப் படம் இன்னொரு தடவை சொல்லும். பிள்ளை கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

பாட்டும் படமும் ஒரே கையில் இருப்பதன் பலனே இதுதான். இரண்டு பேர் செய்யும்போது கவிஞர் முழுப் பாட்டையும் முடித்துத் தருகிறார், ஓவியர் அதற்கு ஒரு சொல்லும் மாற்றாமல் வரைகிறார். ஒரே ஆள் என்றால் நகைச்சுவையைப் பாட்டிலிருந்து உருவிப் படத்துக்குள் வைக்கலாம். பாட்டு அப்பாவி முகம் வைத்துக்கொள்ள வேண்டும், படம் காட்டிக்கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பூனைக் குட்டி
எட்டிப் பார்க்கும் பானை சட்டி
பாலைக் காணோம் என்றாள் பாட்டி
வானம் பார்க்கும் வாலை ஆட்டி

யார் குடித்தது என்று பாட்டில் எங்கும் இல்லை. படத்தில் மீசையில் பால், தரையில் நாலு வெள்ளைக் கால்தடம், ஒரு தடம் பாட்டியின் புடவை ஓரத்தில். மூன்றாம் வரியை வலப்பக்கத்தின் அடியில் வையுங்கள். பக்கத்தைத் திருப்பினால்தான் நான்காம் வரியும் பூனை முகமும். அந்தத் திருப்பலில்தான் சிரிப்பு இருக்கிறது.

16 பாட்டையும் இந்தக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “பாட்டு சொல்லாதது, படம் சொல்வது.” அந்த இடத்தில் எழுத ஒன்றுமே வராத பாட்டை ஒதுக்கி வையுங்கள். அது பத்திரிகைக்கு நல்ல பாட்டாக இருக்கலாம், படப்புத்தகத்துக்கு ஆகாது.

---

ஓரெழுத்து

‘பாட்டி’, ‘ஆட்டி’ இயைபும் வந்துவிட்டது, நான்கு வரியும் நான்கு தட்டில் நிற்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இதை இப்படியே விட்டுவிடலாம், இதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

---

பழையபுத்தகம்

தொழில் என்று கேட்டதால் மூன்று பேருடைய வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றிலும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

எட்வர்ட் லியர் (1812–1888). ஆங்கில வேடிக்கைப் பாட்டுக்கும் அதற்கான கிறுக்கல் படத்துக்கும் இன்றைக்கும் இவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் பிழைப்பு அதில் இல்லை. 18 வயதில் கிளிகளைப் பார்த்து வரைந்து லித்தோகிராஃப் (கல் அச்சுப் படம்) போடத் தொடங்கியவர். பிறகு இயற்கைக் காட்சி ஓவியர். 1846-ல் விக்டோரியா ராணிக்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அதே 1846-ல்தான் வேடிக்கைப் பாட்டுப் புத்தகம், அதுவும் சொந்தப் பெயரில் இல்லை, புனைபெயரில். 1861-ல் பெருக்கிய பதிப்பு சொந்தப் பெயரில் வந்து நன்றாக ஓடியது. அதன் உரிமையை 125 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அதன் பிறகு வந்த பதிப்புகள் எத்தனையோ, எதிலும் அவருக்குப் பங்கில்லை. 1873 கடைசியில் பம்பாயில் வந்து இறங்கி, ஓராண்டுக்கு மேல் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்தார். அப்போதும் கையில் இருந்தது காட்சி ஓவிய வேலைதான்.

சுகுமார் ராய் (1887–1923). இவரை நம் ஊர்க்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும். வங்காளியில் வேடிக்கைப் பாட்டு, படமும் அவரே. 1911-ல் இங்கிலாந்து போய்ப் படித்தது இலக்கியம் இல்லை, ஓவியமும் இல்லை. ஃபோட்டோ எங்கிரேவிங்கும் (படத்தை அச்சுத் தகடாக்குவது) லித்தோகிராஃபியும். அப்பா உபேந்திரகிஷோர் ஹாஃப்டோன் அச்சில் (படத்தைச் சிறு புள்ளிகளாக அச்சிடும் முறை) பெரிய ஆள். 1913-ல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ குழந்தை இதழை 1915-க்குப் பிறகு நடத்தியது சுகுமார். சொந்த இதழ், சொந்த அச்சகம், சொந்தப் பாட்டு, சொந்தப் படம். அவர் படங்கள் பெரும்பாலும் சுத்தமான பேனாக் கோடு. அன்றைய பிளாக்கில் (அச்சுக் கட்டையில்) அப்படியே பிசிறில்லாமல் விழக்கூடிய கோடு. எது அச்சில் நிற்கும் என்று தெரிந்து வரைந்த கை அது. ‘ஆபோல் தாபோல்’ தொகுப்பு 1923 செப்டம்பர் 19-ல் வந்தது. அவர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. 35 வயதுதான்.

தமிழில் அழ. வள்ளியப்பா (1922–1989). இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இதழாசிரியர் வேலை, குழந்தை எழுத்தாளர் சங்கம், எல்லாம் வங்கி வேலையோடு சேர்த்துத்தான். படத்தை வேறு ஓவியர்கள் போட்டார்கள். தமிழ்க் குழந்தை இதழ்களில் பெரும்பாலும் அந்த முறைதான் இருந்தது, எழுத்துக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர். அதனால் ‘இரண்டும் நானே’ என்று பதிப்பகத்துக்குப் போனால், முதலில் பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு படத்துக்கு வழக்கமான ஓவியரைப் போடலாமா என்று கேட்பார்கள். பூனைப் பாட்டைப் படமில்லாமல் தனியாகப் படித்துக் காட்டுங்கள், பிறகு படத்தோடு காட்டுங்கள். அதைவிட நல்ல பதில் இல்லை.

---

கோடும்கோலமும்

மிக்க நன்றி. அப்படியென்றால் பகுதி நேரமாகவே வைத்துக்கொள்வதுதான் புத்தியா?

---

தூரிகை

முதல் மூன்று, நான்கு புத்தகம் வரைக்கும் ஆமாம். கணக்கைப் பாருங்கள். விலை 80 ரூபாய், ராயல்டி விலையில் 10 சதவீதம் என்றால் ஒரு படிக்கு 8 ரூபாய். 2000 படி விற்றால் 16,000. அந்த 2000 விற்க இரண்டு வருடம் ஆகலாம். 32 பக்கப் புத்தகத்துக்கு முடிவான படம் வரையவே இரண்டு, மூன்று மாதம் போகும். அதிலும் ஒப்பந்தத்தில் ‘விலையில் 10 சதவீதம்’ என்று இருக்கிறதா, ‘நிகர வரவில் 10 சதவீதம்’ என்று இருக்கிறதா பாருங்கள். விநியோகஸ்தருக்கு 45 சதவீதம் கழிவு போனால் நிகர வரவு 44 ரூபாய், உங்களுக்கு 4 ரூபாய் 40 காசு. ஒரே எண், கிட்டத்தட்டப் பாதி காசு.

வருமானம் பல வாய்க்காலில் வர வேண்டும்: பாடநூல் படம், இதழ்ப் படம், பள்ளி நிகழ்ச்சி, மற்றவர் கதைக்குப் படம். சொந்தப் பாட்டுப் புத்தகம் இவை எல்லாவற்றுக்கும் ஆளைக் கூட்டி வரும்.

வேலை கேட்டு அனுப்பும் தொகுப்பில் 10, 12 படம் போதும். ஒரே பூனை மூன்று வெவ்வேறு காட்சியில் அதே பூனையாகத் தெரிய வேண்டும், ஆசிரியர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். கூட்டம் நிறைந்த ஒரு தெரு, ஒரு வீட்டு உட்புறம், நாலு வயதுக் குழந்தையின் உடல் அளவு (தலையைப் போல் ஐந்து மடங்குதான் உயரம், பெரியவரைச் சிறிதாக்கி வரைந்தால் குள்ளமான பெரியவர்தான் வருவார்), ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தனி முகங்களாக 40 அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

---

பத்திரம்

ஒப்பந்தக் கேள்விக்கு வருகிறேன். இதில்தான் பாட்டும் படமும் ஒருவரே செய்பவர்கள் அதிகம் இழக்கிறார்கள், ஏனென்றால் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. பொது விதி, படைத்தவரே முதல் உரிமையாளர். பாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு: ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். புத்தகப் படமும் இதில் அடங்கும் என்று பதிப்பகம் வாதிட இடம் இருக்கிறது. ஆக, எழுத்தில் ஒன்றும் இல்லாமல் “படத்துக்கு இவ்வளவு” என்று தொகை வாங்கிக்கொண்டால் பாட்டு உங்களிடம், பூனை அவர்களிடம். அடுத்த புத்தகத்தில் அதே பூனையை வரைய அவர்களைக் கேட்க வேண்டிய நிலை வரும்.

அதனால் பாட்டுக்கு ஒரு பத்தி, படத்துக்கு ஒரு பத்தி என்று ஒரே ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதுங்கள். “படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், பதிப்பகத்துக்கு இந்தப் புத்தகத்தில் அச்சிட உரிமம் மட்டும்.” இந்த ஒரு வரி எழுத்தில் இருக்கட்டும். அசல் தாள்கள் திரும்ப வர வேண்டும் என்பது தனி வரி. பதிப்புரிமை வேறு, தாள் வேறு.

காலம், எல்லை இரண்டையும் எழுதுங்கள். உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் எழுதவில்லை என்றால் பிரிவு 19-ன்படி ஐந்து ஆண்டு, எல்லை எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். இது நமக்குச் சாதகம். ஆனால் அச்சடித்த படிவத்தில் பெரும்பாலும் “பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்” என்று ஏற்கெனவே இருக்கும். இந்தியாவில் அந்தக் காலம் என்றால் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 ஆண்டு. லியர் கதைதான் திரும்ப வரும். மொழிபெயர்ப்பு, ஒலிப் புத்தகம், அனிமேஷன், பை, சட்டை போன்ற பொருள்கள், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள், பெயர் வராதது உங்களிடமே என்று ஒரு வரி சேருங்கள்.

உரிமையை விற்றாலும் பிரிவு 57 போகாது. படத்தில் பெயர் போடச் சொல்லவும், உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது.

பெங்களூரில் இருப்பதால் ஒரு விஷயம். இங்கே 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற திறந்த தளத்தையும் நடத்துகிறது. தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. அதில் வருபவை சிசி பை 4.0 உரிமத்தில் வரும். அதாவது பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்து, மாற்றி, விற்கக்கூடச் செய்யலாம். ராயல்டி என்ற பேச்சு அங்கே இல்லை. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. அதற்குப் பதிலாகப் படம் பல மொழிப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும், ஆள் தெரிய வரும். நல்ல வழிதான். ஆனால் நெடுநாள் வைத்து வளர்க்க நினைக்கும் பூனையை அங்கே இறக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு கதை, தனியாக ஒரு பாத்திரம் செய்து கொடுங்கள்.

---

அச்சுக்கூடம்

சொந்தமாக அச்சிடுவது பற்றி. முதலில் அந்தச் சதுரத்தை மறந்துவிடுங்கள்.

8.5 அங்குலச் சதுரம் 23×36 அங்குலத் தாளில் எட்டு ஏடுதான் (ஒரு ஏடு இரண்டு பக்கம்) விழும். நீளத்தில் நாலு, அகலத்தில் இரண்டு. அகலத்தில் 5 அங்குலத்துக்கு மேல் மிச்சமாகி வெட்டுக் கூடையில் போகும். நீங்கள் வாங்கிய பேப்பரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது.

7.25×9.5 போடுங்கள். 20×30 தாளில் அதே எட்டு ஏடு, 16 பக்கம். தாள் முழுக்கத் தீரும். மூன்று ஓரமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் படம்) விட்ட பிறகும் கிரிப்பருக்கு (மெஷின் தாளைப் பிடிக்கும் விளிம்பு) அரை அங்குலம் கிடைக்கும். 32 பக்கம் என்றால் ஒரு புத்தகத்துக்கு இரண்டு தாள். 1000 படிக்கு 2000 தாள், 4 ரீம். 130 ஜி.எஸ்.எம். (தாளின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் பேப்பரில் இந்த அளவு ரீம் ஒன்று 25 கிலோ சொச்சம். மொத்தம் 100 கிலோ, வீணாவதற்கு என்று நூற்றைம்பது தாள் மேலே. ப்ளேட் (அச்சுத் தகடு) கணக்கு: இரண்டு ஃபாரம் (ஒரு தாளில் அச்சாகும் 16 பக்கம்), தாளின் இரண்டு பக்கம், நாலு கலர், 16 ப்ளேட். அட்டைக்கு 4. இந்த 20 ப்ளேட்டும் மெஷின் செட்டிங்கும் 500 படிக்கும் ஒன்றுதான், 2000 படிக்கும் ஒன்றுதான். அதனால்தான் 300, 400 படி ஆஃப்செட்டில் கட்டுப்படி ஆகாது, அதற்கு டிஜிட்டல் பார்க்க வேண்டும். அதில் தாள் அளவு 12×18 அல்லது 13×19, கணக்கே வேறு.

உங்கள் படத்துக்கு வழுவழுப்பான ஆர்ட் பேப்பரா, பூச்சில்லாத மேப்லித்தோவா? வாட்டர்கலர் மேப்லித்தோவில் இதமாக இருக்கும், ஆனால் மை தாளுக்குள் இறங்கிப் படம் ஒரு படி இருண்டுவிடும். மெல்லிய கோடு தடிக்கும். மேப்லித்தோ என்றால் 100 ஜி.எஸ்.எம்.-க்குக் கீழே போகாதீர்கள், பின்பக்கப் படம் தெரியும். ஃபைலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் தர வேண்டும். சுல்தான்பேட்டைப் பக்கம் பேப்பர் கடையில் இரண்டிலும் மாதிரித் தாள் வாங்கிக் கையில் மடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

16 பாட்டு, 32 பக்கம் என்கிறீர்கள். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்புரிமை விவரமும் ஐ.எஸ்.பி.என்.-னும் (புத்தக அடையாள எண்), மூன்றாம் பக்கம் சமர்ப்பணம் அல்லது ஒரு சின்னப் படம். 4-5 முதல் 30-31 வரை 14 ஸ்ப்ரெட்தான் (எதிரெதிர் இரண்டு பக்கம்) மிச்சம், 32-ஆம் பக்கம் தனி. பாட்டுக்கு ஒரு ஸ்ப்ரெட் என்றால் 16 பாட்டு உட்காராது. இரண்டை எடுங்கள்.

---

தூரிகை

பூனைப் பாட்டுக்குப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மேலே சொன்னேன், அதற்கு மட்டும் இரண்டு ஸ்ப்ரெட் போகும். அப்படி இரண்டு, மூன்று பாட்டு இருந்தால் மொத்தம் 11 பாட்டு போதும். ஏ4 தாள் எட்டை நடுவில் மடித்து ஊசி போட்டால் 32 பக்க டம்மி (மாதிரிப் புத்தகம்) கிடைத்துவிடும். முடிவான படத்தில் கை வைக்கும் முன் அதில் பென்சிலால் முழுப் புத்தகமும் வரைந்துவிடுங்கள். வரிகளை வெட்டி ஒட்டுங்கள். எழுத்துக்கு இடம் விடாமல் படத்தை முடிப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு, பிறகு பூனையின் காது மேல் பாட்டு ஏறி உட்காரும்.

---

அச்சுக்கூடம்

தமிழ் எழுத்துக்காக நாலு விஷயம்.

முதல் வாசிப்புக்கு 20 முதல் 22 பாயின்ட். வரி இடைவெளி 150 சதவீதம் வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதும் 120 இங்கே போதாது. மேல் வரியின் ‘கூ’ சுழியும் கீழ் வரியின் ‘கீ’ கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

பக்கம் அமைக்கும் மென்பொருள் இன்டிசைன், போட்டோஷாப் எதுவானாலும் அதில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்ற அமைப்பைப் போட்ட பிறகுதான் தமிழைக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்திடை டிராக்கிங் (கூடுதல் இடைவெளி) கொடுக்காதீர்கள், துணைக்கால் தனியே கழன்றுவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவக் கோடு) ஆக்கி, அவுட்லைன் ஆன பிறகு இன்னொரு முறை மெய்ப்பு பாருங்கள். உடைவது அந்த ஒரு கிளிக்கில்தான், அதுவரை திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்.

எழுத்து நூறு சதவீதக் கறுப்பு மட்டும், ஓவர்பிரின்ட் (அடியில் உள்ள வண்ணத்தின் மேலேயே அச்சாவது). நாலு கலர் கலந்த கறுப்பில் எழுத்து போட்டால், ப்ளேட் கால் மி.மீ. நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நீல நிழல் விழும். உங்கள் கறுப்பு மைக் கோட்டுக்கும் இதே விதி. கோட்டை வாட்டர்கலரோடு சேர்த்து ஒரே ஸ்கேனாக எடுத்தால் கோடு நாலு கலரில் பிரிந்துவிடும். கோட்டைத் தனித் தாளில் வரைந்து 1200 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஒற்றைக் கறுப்பாக ஸ்கேன் செய்யுங்கள். லைட் பாக்ஸில் அதன் மேல் வாட்டர்கலர் தாளை வைத்து வண்ணத்தை மட்டும் பூசி, 600-ல் எடுத்து, கணினியில் இரண்டையும் அடுக்குங்கள். கன்னடப் பதிப்பு வரும்போதும் இது உதவும், படத்தைத் தொடாமல் எழுத்து ப்ளேட் மட்டும் மாறும்.

சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி) போட்ட புத்தகத்தில் நடு ஸ்ப்ரெட் 16-17 மட்டும்தான் ஒரே தாள். மற்ற ஸ்ப்ரெட்டில் இடதும் வலதும் வெவ்வேறு இடத்தில் அச்சாகி வந்து சேர்பவை. ஒரு மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும், நிறமும் கொஞ்சம் மாறும். முகத்தை நடுமடிப்பில் வைக்காதீர்கள்.

---

அல்சூர்வாசகி

வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், எங்கே பார்த்தாலும் நிலைமை அதுதான். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும். புத்தகம் வாங்குவது அம்மா, வாசிப்பது பாட்டி, கேட்பது பிள்ளை. அதனால் இந்தப் புத்தகம் காதில் நிற்க வேண்டும். கீழே கன்னட எழுத்தில் ஒலிபெயர்ப்பு போடலாம், ஆனால் 12 பாயின்டுக்கு மேல் வேண்டாம். பெரிசாகப் போட்டால் கண் தமிழ் எழுத்தைத் தாண்டி நேராக அங்கே போய்விடும்.

அதைவிட, இந்த ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. நம் ‘ப’ பல சொல்லில் கன்னடத்தில் ‘ஹ’ ஆகும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பிள்ளை இதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டு, எல்லாச் சொல்லுக்கும் போட்டுப் பார்க்கும்:

பாலைத் தந்தாள் ஹாலு என்றாள்
பல்லைத் தொட்டாள் ஹல்லு என்றாள்
பூனை வந்தால் ஹூனை என்றேன்
பெக்கு பெக்கு பெக்கு என்றாள்

கன்னடத்தில் பூனை பெக்கு. இந்தப் பாட்டைச் சென்னையில் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டும், கம்மனஹள்ளியில் வேண்டாம்.

---

ஓரெழுத்து

இங்கே ‘என்றாள்’ திரும்பத் திரும்ப வருவது சரி. பல்லவி மாதிரி நிற்கிறது, கூட்டமாகச் சொல்ல வசதி. மேலே ‘குட்டி’யைக் குறை சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

---

அல்சூர்வாசகி

பள்ளியிலோ, அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் மாதிரி இடத்திலோ நிகழ்ச்சி செய்வதென்றால்: 40 நிமிஷம், 25 முதல் 30 பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். நாலு பாட்டு போதும். ஒவ்வொரு பாட்டும் மூன்று தடவை. முதலில் நீங்கள் சொல்ல, பிறகு கடைசிச் சொல்லை மட்டும் அவர்கள் சொல்ல, பிறகு எல்லோரும் கை தட்டி. மூன்றாம் தடவை சொல்லும்போது சார்ட்டில் வரையத் தொடங்குங்கள். அதற்கு முன்பே சார்ட்டில் மெல்லிசாகப் பென்சிலால் வரைந்து வைத்திருங்கள். இரண்டடி தூரத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பேசிக்கொண்டே வரையும்போது கை தவறாது. பட்டை நுனி மார்க்கர், கறுப்பு இரண்டு, சிவப்பு ஒன்று. மெல்லிய நுனி கடைசி வரிசைக்குத் தெரியாது. முகத்தைக் கடைசியில் வரையுங்கள், அதுவரை என்ன மிருகம் என்று கத்திக்கொண்டே இருப்பார்கள்.

நிகழ்ச்சிக்குக் கட்டணம் கேளுங்கள். புத்தகம் விற்றுக்கொள்ளலாமே என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடுவார்கள். 30 பிள்ளைகளில் நாலு பேர் வாங்கினால் ஆட்டோ காசுக்குக்கூட வராது.

---

கோடும்கோலமும்

நிறையத் தெளிந்தது. 7.25×9.5, 11 பாட்டு, கோடு தனி, வண்ணம் தனி என்று மாற்றிக்கொள்கிறேன். ஐ.எஸ்.பி.என்.-னுக்குக் காசு உண்டா? இன்னொன்று, பூனையின் பால் மீசை வெள்ளை, தாளும் வெள்ளை. அச்சில் அது தெரியுமா?

---

பத்திரம்

ஐ.எஸ்.பி.என். இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் ஆசிரியர்-பதிப்பாளர் என்று பதிந்து விண்ணப்பிக்கலாம். அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள், எண் வராமல் அட்டையை முடிக்க முடியாது. பட்டைக்கோடு பின்னட்டையில் வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும், படத்தின் மேல் நேரடியாகப் போட்டால் கடையில் ஸ்கேன் ஆகாது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பிள்ளைகள் படப்புத்தகத்துக்கும் கிடையாது.

---

அச்சுக்கூடம்

மீசை பற்றி. நாலு கலர் அச்சில் வெள்ளை மை இல்லை, வெள்ளை என்றால் வெறும் தாள். அதைச் சுற்றி நிறம் இருந்தால்தான் அது வெள்ளையாகத் தெரியும். பூனையை ஆரஞ்சாகவோ சாம்பலாகவோ வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கறுப்புப் பூனை வேண்டாம், கறுப்புக் கோடு அதில் மறைந்துவிடும். சாம்பலைக் கறுப்பு மை 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

---

தூரிகை

வரையும்போது மீசை இடத்தில் முதலில் மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் ஒட்டாமல் தடுக்கும் திரவம்) வைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே வண்ணம் பூசி, அதுவும் காய்ந்த பிறகு ரப்பரால் உருட்டி எடுங்கள். ஈரத்தில் எடுத்தால் தாளும் சேர்ந்து பிய்யும். பழைய தூரிகையில் சோப்பு தொட்டுக்கொண்டு ஃப்ளூயிட் பூசுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிப் பாழாகும். தரையில் இருக்கும் நாலு கால்தடத்துக்கும் இதே வேலை, அதனால் தரை செங்கல் சிவப்பாகவே இருக்கட்டும். பாட்டியின் புடவை ஓரத்துத் தடத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள், புடவையையும் அடர்ந்த நிறமாக எடுங்கள்.

---

அச்சுக்கூடம்

அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது நீங்கள் அச்சிடப்போகும் அதே தாளில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். பளபளப்பான தாளில் எடுத்த ப்ரூஃபில் எல்லா வெள்ளையும் நன்றாகத்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மீசை முதல் பார்வையில் தெரியவில்லை என்றால் பூனையின் நிறத்தை 10 சதவீதம் ஏற்றிவிட்டு மறுபடி ஒரு ப்ரூஃப்.